ஹெச்ஆர் கூப்பிடும்போது டவர் இருக்கணும்

ரெக்ரூட்டர் கையில் இருக்கும் லிஸ்ட் எப்போதும் காலியிடங்களைவிட நீளமானது. உங்கள் நம்பர் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று சொன்னால் அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். உங்கள் போனுக்கு என்ன ஆச்சு என்று விசாரிப்பது அவர் வேலை இல்லை. அடுத்த பெயர்க்காரர் உங்களைவிடத் திறமைசாலியாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. போன் எடுத்தார், அவ்வளவுதான்.

சித்தூர், திருப்பதி பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். நகரியிலோ புத்தூரிலோ வீடு, ஸ்ரீபெரும்புதூரில் வேலை என்று ஓடுகிறவர் ஒரே நாளில் ஆந்திர டெலிகாம் வட்டத்துக்கும் தமிழ்நாடு வட்டத்துக்கும் நடுவே போய் வருகிறார். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. அன்று போட்ட அந்த எல்லைதான் இன்று உங்கள் சிம்முக்கும் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும், விடும், மறுபடி தேடும். சில நேரம் தேடிக்கொண்டே நின்றுவிடும். திருப்பதியில் இது போதாதென்று ஒரு பக்கம் சேஷாசலம் மலை, மறுபக்கம் நாள் முழுக்கப் பக்தர் கூட்டம். டவரில் ஐந்து கோடும் தெரியும், பேஜ் மட்டும் திறக்காது.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட். நல்ல மருந்துதான். ஆனால் வரிசையில் அது கடைசி. முதலிலேயே அதைச் செய்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போகும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

1. முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள். பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் இல்லையென்றால் டவர் பிரச்சினை. நீங்கள் போனை என்ன செய்தாலும் பலன் இல்லை. அவருக்கு இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் உங்கள் சிம்மை அவர் போனில் போடுங்கள். அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் சிம் அல்லது ரீசார்ஜ் கோளாறு. அங்கே ஓடுகிறது என்றால் பிரச்சினை உங்கள் போனில். அப்போதுதான் மேலே போக வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

2. டேட்டா தீர்ந்துவிட்டதா? சிரிக்காதீர்கள். தினசரி ஒதுக்கீடு முடிந்தால் பல பிளான்களில் நெட் முழுசாக நிற்பதில்லை, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்குகிறது. வாட்ஸ்அப் மெசேஜ் மெல்லப் போகும், வீடியோ கால் ஓடாது. பார்ப்பதற்கு நெட்வொர்க் கோளாறு போலவே இருக்கும். சாயந்திரம் இன்டர்வியூ வைத்துக்கொண்டு காலையில் ரீல்ஸ் பார்த்தவர்களுக்கு இது வாடிக்கை.

3. ஏரோபிளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் விட்டு எடுங்கள். பிறகு போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். போன் அந்தப் பகுதியில் இருக்கும் டவர்களைப் புதிதாகத் தேடும். மாநில எல்லை தாண்டிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

4. எல்லைக்காரர்களுக்கென்றே மூன்று ஸ்விட்ச் இருக்கின்றன. ஒன்று, நெட்வொர்க் செலக்‌ஷன். எப்போதோ ஒரு நாள் மேனுவலாக ஒரு நெட்வொர்க்கைத் தேர்ந்து வைத்திருப்பீர்கள். எல்லை தாண்டியதும் போன் அதையே தேடிக்கொண்டு நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். இரண்டு, டேட்டா ரோமிங். மேலே ‘ஆர்’ என்ற எழுத்து தெரிந்து நெட் நின்றால் இதை ஆன் செய்யுங்கள். இன்றைய பெரும்பாலான பிளான்களில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. மூன்று, நெட்வொர்க் டைப். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. யாரோ பேட்டரி மிச்சமாகும் என்று சொன்னதைக் கேட்டு 3ஜியில் வைத்தால் ஜியோ சிம் செத்துப்போனது மாதிரி கிடக்கும். கால் கூட வராது. 4ஜி அல்லது 5ஜி ஆட்டோவில் வையுங்கள்.

5. பழைய வைஃபைகளைத் துரத்துங்கள். திருப்பதி, ரேணிகுண்டா ஸ்டேஷன்களில் ரெயில்டெல்லின் இலவச வைஃபை உண்டு. நாளுக்கு முதல் 30 நிமிடம் இலவசம், ஆனால் ஓடிபி கொடுத்து உள்ளே போக வேண்டும். ஒரு முறை சேர்ந்தீர்கள் என்றால் அடுத்த தடவை ஸ்டேஷன் பக்கம் போனதும் போன் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஓடிபி கொடுத்திருக்க மாட்டீர்கள். மொபைல் டேட்டாவும் ஓடாது, வைஃபையும் ஓடாது. லாட்ஜ் வைஃபையும் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் வைஃபையும் இதே ரகம். லிஸ்ட்டைத் திறந்து ‘ஃபர்கெட்’ கொடுங்கள். இன்னொன்று, பொது வைஃபையில் இன்டர்வியூ அட்டெண்ட் செய்யாதீர்கள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டால் உங்கள் மதிப்பு அங்கேயே இறங்கும்.

6. தேதி, நேரம் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா? தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான வெப்சைட்டுகள் திறக்காது. விளம்பரத்தைத் தடுக்க யாராவது ‘பிரைவேட் டிஎன்எஸ்’ மாற்றிக் கொடுத்திருந்தால் அதையும் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்புங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லையா? இப்போது ரீசெட். செய்வதற்கு முன் என்ன போகும், என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போகும்: சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டுகள், புளூடூத்தில் இணைத்த ஹெட்செட்டும் வாட்ச்சும் காரும், நீங்கள் கையால் மாற்றிய ஏபிஎன் (சிம் நெட்டுக்குள் போகும் வாசல் பெயர்), சேர்த்து வைத்த விபிஎன். இருக்கும்: போட்டோ, கான்டாக்ட், வாட்ஸ்அப் சாட், யூபிஐ ஆப், ரெஸ்யூமே. பயந்து பேக்கப் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வைஃபை பாஸ்வேர்டுகளை மட்டும் ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த வைஃபையில் ‘ஷேர்’ கொடுத்து க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் வைஃபை பக்கத்தில் ‘எடிட்’ கொடுத்தால் பழைய பாஸ்வேர்டுகள் தெரியும்.

வழி இதுதான். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரீசெட் ஆப்ஷன்ஸ். சாம்சங்கில் செட்டிங்ஸ், ஜெனரல் மேனேஜ்மென்ட், ரீசெட். புது மாடல்களில் மொபைல் நெட்வொர்க்குக்குத் தனி ரீசெட், வைஃபை - புளூடூத்துக்குத் தனி ரீசெட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கோளாறு எதில் இருக்கிறதோ அதை மட்டும் தொடுங்கள். ஷவோமி, விவோ, ஒப்போ, ரியல்மி என்று ஒவ்வொன்றிலும் மெனு ஒவ்வொரு இடத்தில் இருக்கும். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ‘ரீசெட்’ என்று அடித்தால் காட்டிவிடும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன், ரீசெட், ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்.

அதே பக்கத்தில்தான் ‘ஃபேக்டரி ரீசெட்’, ‘எரேஸ் ஆல் டேட்டா’ எல்லாம் இருக்கின்றன. அவசரத்தில் விரல் அங்கே போனால் போன் மொத்தமாகத் துடைத்த ஸ்லேட்டாகிவிடும். ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டுத் தொடுங்கள். இ-சிம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: ‘எரேஸ் இ-சிம்’ என்று ஒரு டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நம்பரை மறுபடி ஏற்றக் கடை ஏற வேண்டிவரும்.

ரீசெட் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு சிம் இருந்தால் டேட்டா எந்த சிம்மில் என்று பாருங்கள். வோல்ட்டி (4ஜியிலேயே கால் பேசும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா ரோமிங் மறுபடி ஆஃபுக்குப் போயிருக்கும், எல்லைக்காரர்கள் ஆன் செய்ய வேண்டும். நெட் வரவில்லை என்றால் ஏபிஎன்-னைத் திறந்து பாருங்கள். ஜியோவுக்கு ‘ஜியோநெட்’, ஏர்டெல்லுக்கு ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்’. ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். கடைசியாக ஹெட்செட்டை மறுபடி இணைத்து நண்பருக்கு ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது? இன்டர்வியூவுக்கு முந்தின நாள் பகலில். லிங்க் திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ரீசெட் செய்கிறவர் சூதாடுகிறார். அன்றைய தேதிக்கு ரிசர்வாக வீட்டில் வேறு கம்பெனி சிம் இருக்கும் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். அம்மா போனாக இருந்தாலும் சரி, பாஸ்வேர்டை முன்னாலேயே போட்டு இணைத்து வையுங்கள். நடுவில் நெட் அறுந்தால் முப்பது வினாடியில் திரும்பி வந்து, “மன்னிக்கவும், பேக்கப் நெட்வொர்க்கில் இருக்கிறேன், தொடரலாம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு மார்க் உண்டு. பதறி மூன்று நிமிடம் சாரி சொல்பவருக்கு இல்லை.

திருமலை விஷயம் ஒன்று. கோயிலுக்குள் போன் அனுமதி இல்லை, ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கியூ எவ்வளவு நேரம் என்பது பெருமாளுக்கே வெளிச்சம். கால் எதிர்பார்க்கும் வாரத்தில் தரிசனம் போட்டிருந்தால், “இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை போனில் இருக்க மாட்டேன், மெயில் அனுப்பினால் அன்றே பதில் தருகிறேன்” என்று ஹெச்ஆருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பொறுப்பானவர் என்ற பெயர் வரும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. கம்பெனி கொடுத்த போனிலோ, கம்பெனி மெயில் போட்ட உங்கள் போனிலோ ஐடி டிபார்ட்மென்ட்டைக் கேட்காமல் ரீசெட் செய்யாதீர்கள். ஆபீஸ் வைஃபை சர்டிபிகேட்டில் ஓடும், விபிஎன் அவர்கள் போட்டுக் கொடுத்தது. துடைத்துவிட்டு மறுபடி கேட்டு நின்றால் ‘செட்டிங்ஸை நோண்டுகிறவர்’ என்ற முத்திரை விழும். காலேஜ், ஹாஸ்டல் வைஃபைகளில் போனின் மேக் முகவரியை, அதாவது வைஃபைக்கு அது காட்டும் அடையாள எண்ணை, பதிவு செய்து வைப்பதுண்டு. ரீசெட்டுக்குப் பின் போன் வேறு முகவரியைக் காட்டலாம், வைஃபை உள்ளே விடாது. அட்மினிடம் போகும்போது இந்தக் காரணத்தை நீங்களே சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த ஊர்ப் பக்கம் போன் என்பது வெறும் பயன்படுத்தும் பொருள் அல்ல, தொழிலே அதுதான். ஷவோமியின் முதல் இந்தியத் தயாரிப்பு, ரெட்மி 2 பிரைம், 2015 ஆகஸ்டில் ஸ்ரீசிட்டி ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து வந்தது. ரேணிகுண்டா பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கிளஸ்டர்கள் வந்தன. டிப்ளமோ முடித்துவிட்டு இந்த ஆலைகளுக்கு அப்ளை செய்கிறவரிடம், “கஸ்டமர் போனில் நெட் இல்லை, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் “ரீசெட் சார்” என்பது தோற்கிற பதில். முதலில் சிம் மாற்றிச் சோதனை, பிறகு ரீஸ்டார்ட், பிறகு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதன் பிறகு சாஃப்ட்வேர் அப்டேட், எதுவும் இல்லையென்றால் ஆன்டெனா, போர்டு என்று படிப்படியாகச் சொல்லுங்கள். நெட்வொர்க் ரீசெட்டுக்கும் ஃபேக்டரி ரீசெட்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்கள். டிரபிள்ஷூட்டிங் தெரிந்தவர் என்று காட்டுவது இதுதான். வேலையில் சேர்ந்த பிறகும் சூப்பர்வைசர் போனை இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பவரின் பெயர் சூப்பர்வைசருக்கு மறக்காது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆபீஸ் இப்படித்தான் நடக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிம் திடீரென்று ‘நோ சர்வீஸ்’ காட்டுகிறது, பக்கத்தில் அதே கம்பெனிக்காரர்களுக்கு ஓடுகிறது, வேறு போனில் போட்டாலும் வரவில்லை என்றால் ரீசெட்டில் நேரம் போக்காதீர்கள். வேறு யாரோ உங்கள் நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். இன்னொரு போனிலிருந்து முதலில் சிம் கம்பெனிக்கும் பேங்க்குக்கும் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள்.

சிம்மே பழுது என்று தெரிந்தால் ஆதாரோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். புது சிம் ஓடத் தொடங்கியதிலிருந்து முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்க டெலிகாம் துறை போட்ட விதி. எஸ்எம்எஸ் இல்லையென்றால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லையென்றால் அப்ளிகேஷன் சப்மிட் ஆகாது, ஃபீஸும் கட்ட முடியாது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாளைக்கு வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யவும் முடியாது. எனவே அப்ளிகேஷனின் கடைசித் தேதிக்கு முந்தின நாள் சிம் மாற்றப் போகாதீர்கள். அப்ளிகேஷனை அனுப்பிவிட்டுப் போங்கள்.