சொல் அறிவோம்: வெடி

இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சொல் 'வெடி'. சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச சொல்தானே, இதுல படிக்க என்ன இருக்கு என்று கேட்பீர்கள். இருக்கிறது.

தீபாவளிக்குப் பிள்ளைகள் கேட்பது வெடி. கடையில் 'சீனவெடி' என்பார்கள், நாம் பட்டாசு என்றும் சொல்வோம். ரோட்டுக்குப் பாறை உடைக்க மருந்து வைப்பதும் வெடிதான். துவக்கால் சுட்டாலும் வெடிதான். பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கில் விறகுக்குப் போனவர் அகப்பட்டால், "காலில வெடி பட்டிருச்சு" என்கிறோம்.

சிங்களத்திலும் இந்தச் சொல் உண்டு. ஆனால் அங்கே 'வெடி' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது துவக்குச் சூடு. நாம் 'வெடி வைக்கிறது' என்பதை அவர்கள் 'வெடி தியனவா' என்பார்கள். நமது வெடிமருந்து அவர்களுக்கு 'வெடி பெஹெத்'. பெஹெத் என்றாலும் மருந்துதான். பட்டாசுக்கு மட்டும் வேறு பெயர், 'ரதிஞ்ஞா'.

யுத்த காலத்தில் நாங்கள் போன பஸ்ஸை மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். பைக்குள் என்ன என்று கேட்டதற்கு, ஒரு பையன் தீபாவளிச் சந்தோஷத்தில் "வெடி சேர்!" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். தகப்பன் பையைக் கொட்டி, "ரதிஞ்ஞா, ரதிஞ்ஞா" என்று கும்பிட்ட பிறகே பஸ் நகர்ந்தது. பையன் வீடு வரைக்கும் வாய் திறக்கவில்லை.

இனி 'வெடிப்பு'. வானொலியில் 'குண்டுவெடிப்பு' என்று கேட்டுக் கேட்டு, வெடிப்பு என்றால் சத்தம் என்றே பழகிவிட்டோம். வெடித்தல் என்பதற்குப் பிளத்தல் என்றும் பொருள் உண்டு. கொழுந்தெடுக்கிற நம் பெண்களின் குதிகாலில் இருக்கும் பித்தவெடிப்பில் ஏது சத்தம்?

லயத்துச் சுவரிலும் மேட்டு நிலத்திலும் விழும் வெடிப்பும் சத்தமில்லாததுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் நிலத்தில் புது வெடிப்பு, புதிதாய்க் கசியும் ஊற்று, திடீரெனக் கலங்கும் தண்ணீர், சாயும் மரம், இறுகிப்போன கதவு ஆகியவற்றைக் கண்டால், "பழைய லயம், அப்படித்தான்" என்று சாந்து பூசி மறைக்க வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறி, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பேசும்போது, "சுவர் வெடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில், எத்தனை விரல் அகலம், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.