வாடகை வீட்டில் பழுது: யார் சரி செய்ய வேண்டும்?



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் நெசவாளர் வீடுகளில் ஒரே கவலைதான். ஒழுகும் கூரையைப் பார்ப்பதா, தண்ணீர் ஊறும் தறிக்குழியைப் பார்ப்பதா? திருப்பருத்திக்குன்றத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சொன்னதைக் கேளுங்கள்.

"ரெண்டு வருஷமா தளம் ஒழுவுது. வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னா, 'நீ கொடுக்கிற வாடகைக்கு இதுவே ஜாஸ்தி'ன்றாங்க. போன மழையில சொட்டுத் தண்ணி பாவு மேல விழுந்து கறை புடிச்சிக்கிச்சி. சேலையை எடுத்துக்கிட்டுப் போனா கூலியில புடிச்சிட்டாங்க. வாடகைய மட்டும் நான் ஒருநாளும் நிறுத்தல."

அதே கூட்டத்தில் இன்னொரு உறுப்பினர் எழுந்தார். இவர் குழுக் கடன் வாங்கி, வீட்டின் பின்பக்கம் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். "எல்லாத்தையும் வீட்டுக்காரங்க தலையிலயே கட்டினா எப்படிக்கா? குழாய் போனாலும் நானு, சுவிட்சு உடைஞ்சாலும் நானு. வர்ற வாடகை கடன் கட்டவே சரியாப் போவுது."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் குழுக்களில் வாடகைக்கு இருப்பவர்களும் இருக்கிறார்கள், வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். எது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி எழுதி வைக்காததுதான் இந்தச் சண்டைக்கெல்லாம் காரணம். அதைத்தான் இந்த மாதப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

வீடு என்றால் குறைந்தது என்ன இருக்க வேண்டும்?

நான்கு சுவரும் ஒரு கூரையும் இருந்தால் மட்டும் வீடு ஆகிவிடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016-ல் வெளியிட்ட தேசியக் கட்டடக் குறியீடு சில அளவுகளைச் சொல்கிறது.

- குடியிருக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 100 சதுர அடி. அகலம் 8 அடிக்குக் குறையக் கூடாது.
- அறையின் உயரம் சுமார் 9 அடி.
- சமையலறை தனியாக இருந்தால் 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி.
- நம்மைப் போல வெக்கையும் ஈரமும் உள்ள பகுதிகளில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஜன்னல் திறப்பு. 100 சதுர அடி அறைக்கு இது சுமார் 17 சதுர அடி வரும்.

இவை புதிதாகக் கட்டுபவர்களுக்கான அளவுகள். பழைய வீடுகள் பலவற்றில் இவ்வளவு இருக்காது. ஆனாலும் வீடு பார்க்கப் போகும்போதும், போர்ஷன் கட்டத் திட்டம் போடும்போதும் இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். தறி போட்ட வீடு என்றால், தறி அடைக்கும் இடத்தைக் கழித்துவிட்டு மீதி இடத்தை அளந்து பாருங்கள். பிள்ளைகள் படுக்க எவ்வளவு இடம் மிச்சம் என்பது அப்போதுதான் தெரியும்.

ஜன்னலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் நூறு வருடத்துக்கு முன்பு ஏழைத் தொழிலாளர்கள் அடுக்கு வீடுகளில் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். குடும்பமே ஒரே அறையில் துணி தைக்கும், அங்கேயே சமைக்கும், அங்கேயே தூங்கும். பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. காசநோய் வீடு வீடாகப் பரவியது. அதன் பிறகுதான் 1901-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பறை வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களுக்குக் கட்டளை போட்டது. வீட்டையே தொழிற்சாலையாக வைத்திருக்கும் நமக்கும் இது பொருந்துகிறது அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டது. 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுதை யார் பார்ப்பது என்று பிரித்தே கொடுத்திருக்கிறது.

வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டியவை:

- சுவர், தளம், கூரை போன்ற கட்டடப் பழுதுகள் (வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் தவிர)
- சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட்
- தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல்
- தேவைப்படும்போது வீட்டின் உள்ளும் வெளியும் மின்சார ஒயரிங்

வாடகைதாரர் செய்ய வேண்டியவை:

- குழாய்த் திருகு, வாஷர் மாற்றுதல்
- கழிவுநீர் போகும் வழியைச் சுத்தம் செய்தல்
- கழிப்பறைச் சாமான்கள், முகம் கழுவும் தொட்டி ஆகியவற்றின் பழுது
- சுவிட்சு, பிளக் பாயிண்ட் பழுது
- கதவு, ஜன்னல், அலமாரியின் பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, கொசுவலை மாற்றுதல்

இப்போது நம் கூட்டத்தில் பேசிய இருவரையும் நினைத்துப் பாருங்கள். தளம் ஒழுகுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. அது அவர் காட்டும் தயவு அல்ல, கடமை. வாடகை குறைவு என்பதால் அந்தக் கடமை இல்லாமல் போகாது. அதேபோல் சுவிட்சும் குழாய்த் திருகும் குடியிருப்பவர் பொறுப்பு. அதற்காக வீட்டு உரிமையாளரைக் குறை சொல்ல முடியாது.

இன்னும் சில விஷயங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்.

- ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதனால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.
- காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.
- சண்டை வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.
- வீட்டைப் பார்க்க உரிமையாளர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்குத்தான். காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. உங்கள் வீட்டு வரி ரசீது மாநகராட்சி பெயரில் இருக்கிறதா, ஊராட்சி பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் உங்களுக்குத் துணை நீங்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான். மேலே உள்ள பட்டியலையே அதில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

தறி போடும் வீடு என்றால் இன்னொரு வரியும் சேருங்கள். தறிக்குழி தோண்ட அனுமதி உண்டா? காலி செய்யும்போது குழியை மூடித் தரை போடுவது யார் செலவு? இதை எழுதாமல் விட்டால், கடைசியில் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

சொல்லியும் செய்யவில்லை என்றால்?

1. முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு தேதி போட்டு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகும் இடத்தைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.
2. வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தப்பு நம் பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு மாதமும் ரசீது கேளுங்கள்.
3. செய்ய வேண்டிய பழுதை உரிமையாளர் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள இந்தச் சட்டம் வழி தருகிறது. ஆனால் எழுத்தில் தெரிவிக்காமலும், பில் இல்லாமலும் கழிக்கக் கூடாது.
4. நகர்ப்புறத்தில் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு செய்யலாம். எழுத்து ஒப்பந்தத்தையும் அவரிடம்தான் பதிவு செய்ய வேண்டும்.
5. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100.

உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காதீர்கள்!

27.12.2021 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் ஓர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டம் ஆயின. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம் என்ன? சுவரில் விரிசல் விட்டதைப் பார்த்ததும், குடியிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். சாமான் போனது, மனிதர்கள் தப்பித்தார்கள்.

கட்டடம் விழுவதற்கு முன்பு பெரும்பாலும் அடையாளம் காட்டும். தளத்துக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பினால் சிமெண்டைத் தள்ளும். அப்போதுதான் கூரையிலிருந்து பூச்சு பெயர்ந்து விழுகிறது. மேலே மட்டும் பூசி மறைத்தால் உள்ளே துரு நிற்காது. தண்ணீர் இறங்கும் வழியை அடைத்து, துருவைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பூச வேண்டும்.

இந்த அடையாளங்களைக் கண்டால் உடனே கவனியுங்கள்:

- சுவரில் குறுக்காக விரிசல், நாளுக்கு நாள் அகலமாவது
- திடீரென்று கதவு, ஜன்னல் மூடாமல் இறுகிக்கொள்வது
- தளத்தில் கம்பி வெளியே தெரிவது, தளம் தொங்குவது
- சுவரிலும் மாடியிலும் அரசங்கன்று, ஆலங்கன்று முளைப்பது
- சுவரையோ குழாயையோ தொட்டால் ஷாக் அடிப்பது

விரிசல் வளர்ந்தாலும், சத்தம் கேட்டாலும் முதலில் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வெளியே வாருங்கள். தறியும் பாவும் பிறகு. ஷாக் அடித்தால் மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆபத்தான கட்டடம் பற்றி ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு தரலாம்.

நீங்கள் வீட்டு உரிமையாளரா?

அப்படியானால் உங்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் வாடகை 2,500 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 5,000 வருகிறது. பத்தில் ஒரு பங்கை, அதாவது 500 ரூபாயைப் பராமரிப்புக்கென்று தனியே சேமித்தால் வருடத்துக்கு 6,000 ரூபாய். ஆடி மாதமே மாடியைப் பெருக்கி, தண்ணீர் போகும் துவாரங்களைச் சுத்தம் செய்து, விரிசலை அடைக்க இது உதவும். 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று நாம் சேமிப்புக்குச் சொல்கிறோம். ஒழுகலுக்கும் அதே பழமொழிதான்!

கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரியை மட்டுமே கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறக்கியவருக்கு முதல் முறையிலேயே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு பெற்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே மாடிப்படி, மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மாடித்தளம் எல்லாம் பொது. 'எல்லாருடையதும்' என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். குடியிருப்போர் சங்கம் அமைத்து, மாதாமாதம் பணம் வசூலித்து, கணக்கு எழுதி வைக்க வேண்டும். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற அரசுத் திட்டமும் இதற்காகத்தான். தீர்மானம் எழுதவும் வரவு செலவு பார்க்கவும் குழுப் பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? சங்கப் பொறுப்புக்கு நீங்களே முன்வாருங்கள்.

நம் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் விஜயநகரக் காலத்தில், 1387 வாக்கில் கட்டப்பட்டது. அறுநூறு வருடம் தாண்டிய அந்தக் கல் மண்டபத்துக்கே கூரையில் நீர் இறங்காமல் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய நம் வீட்டைப் பார்க்காமல் விடலாமா?

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம்? எத்தனை பேரிடம் எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் இருக்கிறது?
2. நம் வீடுகள் மாநகராட்சி எல்லையிலா, ஊராட்சி எல்லையிலா?
3. யார் வீட்டில் கம்பி தெரிகிறது, விரிசல் இருக்கிறது? மழைக்கு முன் என்ன செய்யலாம்?
4. வீட்டு உரிமையாளராக உள்ள உறுப்பினருக்குக் கூரைப் பழுது பார்க்கக் குழுக் கடன் தரலாமா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மழை வருவதற்குள் ஒரு வீட்டின் ஒழுகலாவது நின்றால், இந்தப் பாடம் பலன் தந்தது என்று அர்த்தம்.