லேசரா? முதலில் யுவைட்டிஸ் டாக்டரைக் கேளுங்கள்

இடது கண் மைனஸ் ஆறு, வலது கண் மைனஸ் ஐந்தரை. போதாததற்கு, எப்போது வரும் என்று சொல்ல முடியாத யுவைட்டிஸ். இந்த இரண்டும் ஒருவருக்கே வாய்த்துவிட்டால், கண்ணாடியை ஒழித்துக்கட்டுவதாகச் சொல்லும் லேசர் சிகிச்சை பேனரைச் சும்மா கடந்துபோக முடியாது. கண்ணில் இருக்கிற தொல்லைகளில் ஒன்றாவது ஒழியட்டுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். என் மைத்துனி லாசிக் செய்துகொண்டு, படுக்கையிலிருந்தே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கிறாள். எனக்குத் தலையணைக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் துழாவுவதே காலைக் கடன்.

யுவைட்டிஸ் கண்ணுக்குள்ளே வரும் அழற்சி. 'மெட்ராஸ் ஐ' போல வெளிச் சவ்வில் வருவதல்ல, யாருக்கும் ஒட்டாது. எனக்கு வருவது முன்பக்க வகை. காலையில் முதுகை விறைக்க வைக்கும் ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும், எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்ற ரத்த ரிப்போர்ட்டும் அதற்குத் துணை. நம் ஊரில் காசநோயாலும் எலிக்காய்ச்சலாலும்கூட இது வருகிறது. அதனால் மார்பு எக்ஸ்ரே, மாண்டூ ஊசி எல்லாம் பார்த்த பிறகுதான் காரணத்தை முடிவு செய்தார்கள். கண் சிவந்துவிட்டால் மணிக்கொரு தடவை ஸ்டீராய்டு சொட்டு, கண் பாப்பாவை விரிய வைக்க இன்னொரு சொட்டு, அப்புறம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. செல்போன் வெளிச்சம்கூட ஊசியாகக் குத்தும்.

லேசர் சென்டரில் வரவேற்பு பலமாக இருந்தது. "கருவிழி தடிமன் 540 மைக்ரான் சார், சூப்பர்!" என்றார் கவுன்சலர். கணக்கும் போட்டுக் காட்டினார். ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் சீவ வேண்டும். ஆறு பவருக்கு 85 என்று வைத்துக்கொள்ளலாம். மேலே மூடிபோலத் திறக்கும் ஃபிளாப்புக்கு 110. போக மீதி 345. குறைந்தது 250 மிஞ்சினால் போதுமாம். நான் தாராளமாகப் பாஸ்.

லேசரின் துல்லியத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. எக்ஸைமர் லேசர் சுற்றியிருக்கும் திசுவைச் சுடாமல் வேண்டிய இடத்தை மட்டும் சீவும் என்று 1981ல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதலில் பரிசோதித்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் கண்ணாடியைக் கழற்றியதற்கு அந்த வான்கோழிக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

சிக்கல் படிவத்தில் வந்தது. 'ஆட்டோ இம்யூன் நோய் உண்டா?' என்ற கேள்விக்கு, என் முதுகு நோய் அந்த ரகம் என்பதால், 'ஆம்' என்று டிக் அடித்தேன். கவுன்சலர் என் கண்ணை எட்டிப் பார்த்தார். "இப்ப வெள்ளையாத்தானே சார் இருக்கு? ஆஃபர் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்." எனக்கு அந்த 'ஆஃபர்' இடித்தது. பணம் கட்டாமல் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, என் யுவைட்டிஸ் டாக்டரிடம் போனேன்.

அந்த அம்மா எதற்கும் அவசரப்படுகிறவர் அல்ல. தாடையை ஸ்லிட் லேம்பில் வைக்கச் சொல்லி, விளக்கை அணைத்து, மெல்லிய ஒளிக்கோட்டைப் பக்கவாட்டில் பாய்ச்சினார். ஓட்டு வீட்டின் கூரைத் துவாரம் வழியே விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அந்த மாதிரி கண்ணின் முன்னறை நீரில் வெள்ளணுக்கள் மிதக்கின்றனவா என்று எண்ணுகிறார்கள். வெளியே கண் பால் போல வெளுத்திருந்தாலும் உள்ளே அணுக்கள் இருக்கலாம். கவுன்சலர் எட்டிப் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கூடவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். அமெரிக்காவில் இந்தக் கருவிகளுக்கு எஃப்டிஏ அனுமதி கொடுத்தபோது, ஆட்டோ இம்யூன் நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று குறிப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் நோய் நன்றாக அடங்கியிருந்தால், ஆளைப் பார்த்துச் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். யுவைட்டிஸ் கண்ணில் புரை அறுவை செய்யவே, குறைந்தது 3 மாதமாவது அழற்சி துளியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பார்கள். புரையால் பார்வை போன கண்ணுக்கு அறுவை தவிர வழியில்லை. லேசர் அப்படியல்ல, கண்ணாடி போட்டால் தெரிகிற கண்ணில் செய்வது. அதனால் இன்னும் நீண்ட அமைதி வேண்டும் என்றார். அறுவையே நோயைக் கிளப்பிவிடலாம். புண் ஆறுவதும் சொன்ன பேச்சு கேட்காது. லேசர் கருவிழி நரம்புகளை வெட்டுவதால் கண் வறளும். ஏற்கெனவே வறண்ட கண்ணுக்கு அது கூடுதல் தண்டனை.

இவையெல்லாம் நான் ஓரளவு எதிர்பார்த்தவை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது.

"உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டு போடறோம். அதுல பிரஷர் ஏறுற கண்ணு உங்களுது. நான் அளக்கற நம்பரை நம்பித்தான் மருந்தையே மாத்தறேன். கருவிழியைச் சீவி மெலிசாக்கிட்டா, மெஷின் பிரஷரைக் குறைச்சுக் காட்டும். உள்ளே க்ளாக்கோமா வளர்ந்தாலும் வெளியே நல்ல நம்பர் தெரியும்."

அடுத்தது கண்புரை. அடிக்கடி அழற்சியும் ஸ்டீராய்டும் கண்ட கண்ணில் புரை சீக்கிரம் வரும். அப்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்து கணக்கிடுகிறார்கள். லேசர் அந்த வளைவையே மாற்றிவிடுவதால் கணக்கு தப்ப இடமுண்டு. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. புரை அறுவையின்போது சரியான லென்ஸ் வைத்தால் மைனஸ் ஆறும் அதிலேயே போய்விடும். எப்படியும் ஒருநாள் கழலப்போகிற கண்ணாடிக்காக, அந்த அறுவைக்குத் தேவையான அளவையே இப்போது குழப்பிக்கொள்வானேன்?

ஃபிளாப் இல்லாத ஸ்மைல் முறையைப் பற்றிக் கேட்டேன். நரம்பு வெட்டு குறையும், மற்ற இரண்டு பிரச்சினைகளும் அப்படியே இருக்கும் என்றார். கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐசிஎல் வேண்டவே வேண்டாம் என்றார். அது போய் உட்காரும் இடம் ஐரிஸுக்குப் பின்னால், அழற்சி வரும் அதே இடம். போதாக்குறைக்கு எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. தூரத்துக்குக் கண்ணாடி போனாலும், பேப்பர் படிக்க இன்னொன்று வந்து சேரும்.

நான் லேசரை விட்டுவிட்டேன். அந்தக் காசில் ஒரு பங்கைச் செலவழித்து 1.67 இண்டெக்ஸ் லென்ஸில் கண்ணாடி போட்டேன். சோடா பாட்டில் கண்ணாடி என்ற பழைய கேலி இப்போது இல்லை. நோய் வந்திருக்கும்போது மட்டும் புதுப் பவர் போடாதீர்கள். விழித்திரை வீக்கத்தாலும் சொட்டு மருந்தாலும் அப்போது பார்வை தடுமாறும், அடங்கியதும் எண் மாறிவிடும். காண்டாக்ட் லென்ஸுக்கும் அந்த நாட்களில் கட்டாய விடுமுறை.

உங்கள் நிலை என்னுடையது போல இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு தடவை யுவைட்டிஸ் வந்து ஆண்டுக்கணக்கில் எட்டிப்பார்க்காதவருக்கு வேறு பதில் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பதில் உங்கள் கண்ணுக்குள் பலமுறை பார்த்த டாக்டரிடமிருந்து வர வேண்டும், பேக்கேஜ் விற்பவரிடமிருந்து அல்ல. எந்தக் கண் எந்த மாதம் சிவந்தது, என்ன சொட்டு எத்தனை வாரம் போட்டீர்கள் என்று போனில் குறித்து வைத்திருங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் 'அடங்கியிருக்கிறது' என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எல்லாம் யோசித்து லேசர் செய்துகொள்வதென்றே முடிவெடுத்தாலும், அதற்கு முன்பு எடுத்த கருவிழி வளைவு, தடிமன், பவர், பிரஷர் அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் புரை அறுவை செய்யப்போகும் டாக்டருக்கு அந்தத் தாள்கள் தேவைப்படும்.