வல்லுநர் சான்று

வழக்கு மன்றத்தில் சான்று கூற வருபவர், கண்டதைக் கண்டபடியும் கேட்டதைக் கேட்டபடியும் கூறுதல் வேண்டும். "இரவு பத்து மணிக்கு அவன் வேலியைத் தாண்டி ஓடியதைக் கண்டேன்" என்று ஒருவர் கூறலாம். "அவனே திருடியிருப்பான் என்று எண்ணுகிறேன்" என்று அவர் தொடர்வாராயின், நடுவர் அவரை உடனே தடுத்துவிடுவார். காட்சியே சான்றாகும், கருத்துச் சான்றாகாது என்பது பழைய நெறி. கேட்டவற்றை எண்ணிப் பார்த்து முடிவு கூறுதல் நடுவரின் கடமையேயன்றிச் சாட்சியின் கடமையன்று.

ஆயினும், எவரும் கண்ணால் காண இயலாத செய்திகளும் வழக்குகளில் வருகின்றன. இறந்தவன் வயிற்றில் இருந்தது நஞ்சா? பத்திரத்தில் உள்ள கையெழுத்து உண்மையா, போலியா? கட்டி முடித்த பாலம் ஓராண்டிற்குள் ஏன் இடிந்தது? நடுவர் சட்டம் கற்றவர். அதனால் மருத்துவமும் பொறியியலும் அறிந்தவராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. இத்தகைய இடங்களில், ஒரு துறையிலே ஆழ்ந்து பயின்றவரை அழைத்து, அவர் கருத்தையே சான்றாகக் கேட்கின்றனர். இதுவே வல்லுநர் சான்று எனப்படும்.

இம்முறை உறுதி பெறுவதற்கு ஒரு துறைமுக வழக்குக் காரணமாயிற்று. இங்கிலாந்தில் நார்போக் மாவட்டத்தில் வெல்ஸ் என்னும் சிறு துறைமுகம் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மணலும் சேறும் படிந்து தூர்ந்துகொண்டே வந்தது. அருகில் நிலம் வைத்திருந்த ஒருவர், கடல்நீர் தம் நிலத்திற் புகாதபடி கரையொன்று எழுப்பியிருந்தார். கடலின் ஏற்றநீர் முன்பெல்லாம் அந்நிலத்திற் பரவித் திரும்பும்போது துறைமுகத்து மணலை அரித்துச் சென்றது என்றும், கரை எழுந்த பின்னரே துறைமுகம் தூர்ந்தது என்றும் துறைமுகத்தார் கூறினர். கரையை வெட்டிவிட வேண்டும் என்றனர். நிலத்துக்குரியவர் ஜான் ஸ்மீட்டன் என்பாரைச் சான்றாக அழைத்தார். நடுக்கடற் பாறையின்மேல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தை 1759 ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரும் பொறியாளர் அவரே. அதே கடற்கரையில் கரை எதுவும் இல்லாத துறைமுகங்களும் தூர்ந்து வருதலின், இத்துறைமுகத்தின் கேட்டிற்குக் கரை காரணமன்று என்பது அவர் கருத்து.

எதிர்த்தரப்பினர் தடை கூறினர். ஸ்மீட்டன் எதையும் கண்டவரல்லர். தாம் எண்ணியதையே கூறுகின்றார். எண்ணம் எவ்வாறு சான்றாகும் என்று வினவினர். விசாரணையில் அத்தடை வென்றது. ஆனால், வழக்கு மேலே சென்றபோது, தலைமை நடுவர் மான்ஸ்பீல்டு பிரபு 1782 ஆம் ஆண்டில் அத்தடையைத் தள்ளினார். துறைமுகங்கள் எவ்வாறு அமைகின்றன, எவ்வாறு கெடுகின்றன, எவ்வாறு சீர்ப்படுகின்றன என்பவற்றை ஸ்மீட்டன் அறிந்தவராதலின் அவர் கருத்தே தக்க சான்று என்றும், அறிவியல் பற்றிய செய்தியில் அத்தகையோரையன்றி வேறு யாரை அழைப்பது என்றும் அவர் தீர்ப்பளித்தார்.

நம் நாட்டில் 1872 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியச் சாட்சியச் சட்டம், தன் 45 ஆம் பிரிவில் இந்நெறியை ஏற்றுக்கொண்டது. அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து ஆகியவற்றைப் பற்றித் தனிப்புலமை உடையோரின் கருத்தைக் கேட்கலாம் என்று அது கூறிற்று. அப்பிரிவிற்குச் சட்டமே காட்டிய எடுத்துக்காட்டுகளுள் முதலாவது நஞ்சுண்டு இறந்த ஒருவனைப் பற்றியது. நஞ்சைக் கண்டறிவதே அந்நாளில் வழக்கு மன்றங்களின் பெருங்கவலையாய் இருந்தது போலும். சட்டம் பிறப்பதற்கு முன்பே, 1849 ஆம் ஆண்டில், சென்னையில் அரசாங்க இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் தோன்றிவிட்டது.

வல்லுநர் சான்றின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் வழக்கொன்று வங்கத்தில் நிகழ்ந்தது. 1897 ஆம் ஆண்டில் ஜல்பாய்குரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேலாளர், தம் படுக்கையறையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி சூறையாடப்பட்டிருந்தது. சமையற்காரனின் உடையிலே குருதித் துளிகள் காணப்பட்டன. ஐயம் அவன்மேற் சென்றது. எசமானின் உணவிற்காகப் புறாவொன்றை அறுத்தபோது தெறித்த குருதி அது என்று அவன் கூறினான். ஏழைப் பணியாளன் சொல்லை யார் நம்புவர்? ஆனால், பறவையின் குருதி வேறு. மனிதனும் விலங்குகளும் அடங்கிய பாலூட்டிகளின் குருதி வேறு. நுண்ணோக்காடியில் காணும்போது, பறவையின் செங்குருதியணுக்கள் நீள்வட்ட வடிவினவாய் நடுவே கருவுடையனவாய்த் தோன்றும். பாலூட்டிகளின் அணுக்களுக்குக் கரு இல்லை. ஒட்டகம் போன்ற சிலவற்றைத் தவிர, ஏனையவற்றின் அணுக்கள் வட்டமானவை. இரசாயனப் பரிசோதகரின் அறிக்கை சமையற்காரன் கூற்றை மெய்ப்பித்தது. அவன் தப்பினான்.

பெட்டியிலிருந்த காகிதங்களிடையே வங்கமொழிப் பஞ்சாங்கமொன்று இருந்தது. அதன் நீலநிற அட்டையில் பழுப்பு நிறக் கறைகள் இரண்டு மங்கலாய்த் தெரிந்தன. அவற்றுள் ஒன்று மனித விரலின் பதிவு. கல்கத்தாவில் அவ்வாண்டில்தான் கைரேகை அலுவலகம் தொடங்கப்பெற்றிருந்தது. அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இந்திய அலுவலர் இருவர், ஆயிரக்கணக்கான பதிவுகளிடையே வேண்டிய ஒன்றை விரைந்து எடுப்பதற்குரிய வகைப்பாட்டு முறையை அமைப்பதில் பெரிதும் உழைத்தனர். அம்முறைக்கு அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரே நிலைத்துவிட்டது. அட்டையிலிருந்த பதிவு, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்றிருந்த ஒருவனின் வலக்கைப் பெருவிரற் பதிவோடு ஒத்திருந்தது. அவன் இறந்தவரிடமே முன்னர் வேலை பார்த்தவன். தொலைவில் இருந்த அவனைப் பிடித்துவந்து மீண்டும் பதிவெடுத்தனர், அதுவும் ஒத்தது. அட்டையின் கறைகள் பாலூட்டியின் குருதியே என்று இரசாயனப் பரிசோதகரும் உரைத்தார்.

1898 ஆம் ஆண்டில் வழக்கு விசாரணைக்கு வந்தது. கைரேகை வல்லுநரின் கூற்றை மன்றம் நம்பிற்று. அவன் அந்த அறைக்குச் சென்றான், பெட்டியைத் திறந்தான், பொருளைக் கவர்ந்தான் என்பதில் ஐயமில்லை என்று கொண்டது. ஆனால், கொலையை ஒருவரும் காணவில்லை. விரற்பதிவு அவன் அங்கிருந்தான் என்று கூறுமேயன்றிக் கத்தியைப் பிடித்தது யார் என்று கூறாது. எனவே, திருட்டுக் குற்றத்திற்கு மட்டுமே தண்டனை விதிக்கப்பட்டது. கொலைக் குற்றத்தினின்றும் அவன் விடுவிக்கப்பட்டான். இத்தீர்ப்பு மிகையான தயக்கம் என்று கருதுவோர் உண்டு. எனினும், வல்லுநர் சொன்ன இடத்திலேயே நின்று, அவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் கொள்ளாத தீர்ப்பு அது. அடுத்த ஆண்டிலேயே, 1899 இல், சாட்சியச் சட்டத்தின் 45 ஆம் பிரிவில் விரற்பதிவும் சேர்க்கப்பட்டது.

இன்று வல்லுநராக வருவோர் பலதிறத்தினர். பிணப்பரிசோதனை செய்த மருத்துவர் வருவார். துப்பாக்கிக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து பாய்ந்தது என்று ஆய்ந்தவர் வருவார். நில அளவையாளர், கணக்காய்வாளர், கால்நடை மருத்துவர் ஆகியோரும் வருவர். 2024 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் பழைய சட்டத்திற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமம், தன் 39 ஆம் பிரிவில், முன்பிருந்த துறைகளோடு 'வேறு எந்தத் துறையும்' என்னும் சொற்களையும் சேர்த்துள்ளது. வல்லுநர் தம் முடிவை மட்டும் கூறினாற் போதாது. அம்முடிவிற்கு எவ்வாறு வந்தார், எவ்வெச் சோதனைகளைச் செய்தார் என்பனவற்றையும் விளக்க வேண்டும். குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும். அவர் கருத்தை ஏற்பதும் தள்ளுவதும் மன்றத்தின் உரிமை.

பெரும்பாலும் வழக்காடுவோருள் ஒரு தரப்பினரே வல்லுநரை அழைத்து வருகின்றனர். அவருக்குரிய ஊதியத்தையும் அவர்களே தருகின்றனர். உரிமை வழக்குகளில், ஊதியம் கொடுத்தவருக்குரிய கடமையினும் மன்றத்துக்குரிய கடமையே மேலானது என்று இங்கிலாந்து 1999 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிகளில் வெளிப்படையாக எழுதிவைத்தது. ஊதியத்தால் வரும் கேட்டை எளிதில் அறியலாம். புகழாலும் தன்னம்பிக்கையாலும் வரும் கேட்டை அறிதல் அரிது. அவ்விதி வந்த அதே ஆண்டில் அந்நாட்டிலேயே நிகழ்ந்த குற்றவழக்கு ஒன்று இதனைக் காட்டும்.

வழக்கறிஞர் தொழில் செய்த ஒரு பெண்மணியின் முதற் குழந்தை, 1996 ஆம் ஆண்டு திசம்பரில், பிறந்த சில வாரங்களில் திடீரென இறந்தது. இரண்டாம் குழந்தையும் 1998 ஆம் ஆண்டு சனவரியில் அவ்வாறே இறந்தது. குழந்தைகளைக் கொன்றதாகத் தாய்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. குழந்தை மருத்துவத்திற் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர் ஒருவர் சான்று கூறினார். வசதியும் புகைப்பழக்கமின்மையும் உடைய அத்தகைய குடும்பத்தில், காரணம் புலப்படாமல் ஒரு குழந்தை இறப்பதற்குரிய வாய்ப்பு 8,543 இல் ஒன்று. இரு குழந்தைகளும் அவ்வாறு இறப்பதற்கோ, அவ்வெண்ணை அவ்வெண்ணாற் பெருக்க, ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றார். இத்துணைப் பெரிய எண்ணைக் கேட்ட பின்னர் ஜூரிமார் எவ்வாறு ஐயுறுவர்? 1999 ஆம் ஆண்டு நவம்பரில் தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பேராசிரியர் மருத்துவத்தில் வல்லுநர், புள்ளியியலில் அல்லர். இரு நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாய் இருந்தால் மட்டுமே அவற்றின் வாய்ப்புகளைப் பெருக்கலாம். ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் உடற்குறைகளுக்குத் தொடர்பில்லை என்று யார் கூற முடியும்? மற்றொரு பிழையும் இருந்தது. இலட்சம் பரிசுச் சீட்டுகளுள் ஒன்றுக்குப் பரிசு விழுகின்றது. பரிசு பெற்றவனை நோக்கி, "உனக்குப் பரிசு கிடைக்கும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்றே, ஆகவே நீ சூது செய்தாய்" என்று கூறுதல் முறையாகுமா? ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் கொல்லுதலும் மிக அரிய நிகழ்ச்சியே. இரண்டு அரிய நிகழ்ச்சிகளுள் எது கூடுதலாக நிகழத்தக்கது என்று ஒப்பிட்டிருக்க வேண்டும்; அதனை எவரும் செய்யவில்லை.

2000 ஆம் ஆண்டில் செய்த மேல்முறையீடு தோற்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம், அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. இரண்டாம் குழந்தையின் உடலில் நோய்க்கிருமிகள் இருந்ததைக் காட்டிய சோதனை முடிவுகளைப் பிணப்பரிசோதனை செய்த மருத்துவர் வெளியிடாமல் வைத்திருந்ததும் பின்னர்த் தெரியவந்தது. 2003 ஆம் ஆண்டு சனவரியில் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பை நீக்கிற்று. மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அத்தாய் வீடு திரும்பினாள். அவளுடைய உள்ளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2007 ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டாம் வயதில், அவள் இறந்தாள்.