இதயச் சுவர் ஏன் புடைக்கிறது?

கேள்வி: மாரடைப்பு வந்து மூன்று மாதம் கழித்து அப்பாவுக்கு எக்கோ எடுத்தோம். 'எல்.வி. அனியூரிசம்' (இடது கீழறைப் புடைப்பு) என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. இந்தப் புடைப்பு எப்படி உண்டாகிறது? வெடித்துவிடுமா?
– வாசகர், கச்சிபௌலி, ஐதராபாத்

பதில்: முதலில் உங்கள் பயம். தழும்பாக இறுகிவிட்ட உண்மையான அனியூரிசம் வெடிப்பது அபூர்வம். சுவரே கிழிந்து, வெளியுறை மட்டும் ரத்தத்தைத் தடுத்து வைத்திருக்கும் 'பொய் அனியூரிசம்' என்று ஒன்று உண்டு. ஆபத்து அதில்தான். அப்பாவுக்கு இருப்பது எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புடைப்பின் பிறப்பைப் பார்த்தவர்கள் டென்னன்ட், விகர்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள். 1935-இல் வெளியான ஆய்வில் நாய்களின் இதய ரத்தக்குழாயை அடைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதித் தசை, சுருங்க வேண்டிய நேரத்தில் வெளிப்பக்கம் பிதுங்கியது. அடைப்பு நீங்காவிட்டால் தசை செத்து, மெலிந்து, சில வாரங்களில் தழும்பாகிவிடும். பழைய சைக்கிள் டியூப் நைந்த இடத்தில் உப்புவதுபோல, பெரும்பாலும் இடது கீழறையின் முன்சுவரும் நுனியும் புடைக்கும். அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வந்தபின் இது குறைந்திருக்கிறது. ஆனால் நேரத்தோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டுமே! சாயங்கால டிராஃபிக்கைப் பற்றி கச்சிபௌலிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல இதயத்தின் இடது கீழறை நுனியில் கூம்பியிருக்கும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. ரத்தத்தை வெளியே தள்ளும். புடைப்பு வந்தால் அதில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் புடைப்புக்குள் போய்த் திரும்புகிறது. அறை உருண்டையாகிறது, ஆரம் கூடக் கூட, அதே அழுத்தத்துக்குச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடும். நல்ல தசையும் களைத்துப்போகும். மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசைகள் விலகுவதால் வால்வு கசியலாம். தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். தழும்பின் ஓரத்திலிருந்து தாறுமாறான துடிப்பும் கிளம்பும்.

அப்படியானால் வெட்டி எடுத்துவிடலாமே? 1958-இல் டென்டன் கூலி என்ற அறுவை மருத்துவர், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அதைச் செய்தார். பின்னர் வின்சென்ட் டோர் என்ற இன்னொரு அறுவை மருத்துவர் உள்ளிருந்து ஒட்டுப் போட்டு அறையின் வடிவத்தை மீட்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் 2009-இல் வெளியான ஸ்டிச் ஆய்வு உற்சாகத்தைக் குறைத்தது. முன்சுவர் பழுதான 1000 பேரில், பைபாஸோடு வடிவச் சீரமைப்பும் செய்தவர்களுக்கு, சுருங்கி முடித்த அறையின் கொள்ளளவு 19 சதவீதம் குறைந்தது. பைபாஸ் மட்டும் செய்தவர்களுக்கு 6. ஆனால் மரணத்திலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் வித்தியாசமில்லை. ஆகவே மூச்சுத்திணறல், அடங்காத தாறுமாறான துடிப்பு, திரும்பத் திரும்ப ரத்தக்கட்டி என்று தொல்லை இருந்தால்தான் கத்தி. அப்பா சௌகரியமாக இருந்தால் மாத்திரையும் அவ்வப்போது எக்கோவுமே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும்.