ஐந்து உயிரும் ஒரே சொல்லில்



தமிழில் உயிரெழுத்துகள் 12 என்பதைச் சிறு வயதிலேயே கற்றோம். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் உயிரெழுத்துகள் ஏ, ஈ, ஐ, ஓ, யு என்னும் 5 மட்டுமே. இந்த ஐந்தும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை, ஒரே சொல்லில் கூடி நிற்பதை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்ட கதையை முதலில் சொல்கிறேன்.

தமிழ் வழியில் பயின்று கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அது. பாடத்தை உரக்க வாசிக்கும் முறை எனக்கு வந்தது. எஃப்-ஏ-ஸி-ஈ-டி-ஐ-ஓ-யு-எஸ் என்ற சொல்லை ‘ஃபேஸ்டியஸ்’ என்று படித்தேன். வகுப்பே சிரித்தது. அதன் சரியான ஒலி ‘ஃபஸீஷஸ்’ என்பதாம். அன்று மாலை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினேன். ‘இடமறியாமல் கேலி பேசுகின்ற’ என்று பொருள் இருந்தது. சிரித்தவர்களுக்கே பொருந்தும் சொல் அல்லவா என்று நானும் சிரித்துவிட்டேன்! பிறகுதான் எழுத்துகளைக் கவனித்தேன். ஐந்து உயிரும் ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று வரிசை மாறாமல் நின்றன. அன்று முதல் அச்சொல்லை நான் பிழையாக எழுதியதில்லை.

இதே வரிசையில் நிற்கும் மற்றொரு சொல் ‘அப்ஸ்டீமியஸ்’. ஏ-பி-எஸ்-டி-ஈ-எம்-ஐ-ஓ-யு-எஸ் என எழுத வேண்டும். உணவிலும் பானத்திலும் அளவோடு இருப்பவரை இச்சொல் குறிக்கும். இலத்தீனில் ‘தெமேத்தும்’ என்றால் மது. ‘அப்ஸ்’ என்றால் விலகி. மதுவை விலக்கியவர் என்பதே மூலப்பொருள்.

வரிசை தலைகீழாக வரும் சொல்லும் உண்டு. ‘சப்காண்டினென்டல்’ என்பதில் யு, ஓ, ஐ, ஈ, ஏ என்று ஐந்தும் பின்னிருந்து முன்னாக வருகின்றன. ‘துணைக்கண்டத்துக்குரிய’ என்பது பொருள். இனி நம் இந்தியத் துணைக்கண்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

அடுத்து மூன்று சகோதரிகளைக் காண்போம். மூன்றிலும் உயிர்கள் ஈ, ஏ, ஐ, ஓ, யு என்ற ஒரே வரிசையில் வரும். மூன்றும் ஐ-ஓ-யு-எஸ் என்றே முடியும். ஆனால் குணத்தில் எத்தனை வேறுபாடு!

‘கிரிகேரியஸ்’ – கூடி வாழ விரும்புகின்ற. இலத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. துறவற சபையைக் குறிக்கும் ‘காங்கிரிகேஷன்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.

‘டினேஷஸ்’ – பிடித்ததை விடாத. ‘பிடித்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது.

‘நிஃபேரியஸ்’ – கொடிய, தீய. தெய்வ நெறிக்கு மாறானது என்பது இதன் மூலப்பொருள்.

எழுத்து வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவள், நல்ல தோழியைப் பாராட்ட முதல் சொல்லுக்குப் பதில் மூன்றாவதை எழுதிவிட்டால் என்ன ஆகும்? நட்பே முறிந்துவிடும்! எழுத்து சொல்லின் முகம். பொருளே அதன் உள்ளம். இரண்டையும் அறிய வேண்டும்.

நாம் அன்றாடம் எழுதும் ‘டயலாக்’ என்ற சொல்லிலும் ஐந்து உயிரும் உண்டு: டி-ஐ-ஏ-எல்-ஓ-ஜி-யு-ஈ. ‘டயா’ என்றால் இரண்டு என எண்ணி, இருவர் பேசுவதே டயலாக் என்று பலர் நினைக்கின்றனர். கிரேக்கத்தில் ‘டயா’ என்பதற்கு ‘ஊடாக’ என்று பொருள். எத்தனை பேர் கூடியும் உரையாடலாம்.

நடத்தையைக் குறிக்கும் ‘பிஹேவியர்’, விருப்பமானதைக் குறிக்கும் ‘ஃபேவரிட்’ ஆகியவற்றிலும் ஐந்தும் உண்டு. ஆனால் இவற்றை அமெரிக்கர் எழுதும்போது யு என்னும் எழுத்தை விட்டுவிடுவர். நாம் பள்ளியில் பயிலும் பிரிட்டிஷ் முறையில் அதை விட்டால் பிழை.

இவ்வகையில் ஏழே எழுத்துகள் கொண்ட சொல் ‘ஸெக்கோயா’: எஸ்-ஈ-கியூ-யு-ஓ-ஐ-ஏ. கலிஃபோர்னியாவில் 100 மீட்டருக்கும் மேல் ஓங்கி வளரும் மரத்தின் பெயர் இது. இப்பெயர் 1847இல் இடப்பட்டது. செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த செக்கோயா என்பவரின் நினைவாக இட்ட பெயர் என்று பலர் கருதுவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவர், தம் தாய்மொழிக்கு 1821இல் தாமே எழுத்து வகுத்து முடித்தார். நம் க, கா, கி போல, ஓர் அசைக்கு ஓர் எழுத்து! அதை முதலில் கற்றவள் அவருடைய சிறு மகள் என்று சொல்வார்கள். 1828இல் அவ்வெழுத்தில் செய்தித்தாளே வெளிவந்தது. ஆங்கிலம் அறியாமை அறிவின்மை ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. காய்கறிக் கூடையில் உள்ள ஒரு பூவின் பெயரிலும், கணக்குப் பாடத்தில் இருபுறமும் சமமாக நிற்கும் ஒன்றின் பெயரிலும், நுரையீரலைத் தாக்கும் ஒரு நோயின் பெயரிலும் ஐந்து உயிரும் ஒளிந்துள்ளன. அகராதியின் துணையோடு அவற்றைக் கண்டுபிடித்து, பொருளுடன் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சொல், ‘எஜுகேஷன்’. எண்ணிப் பாருங்கள், ஐந்து உயிரும் இதிலும் உண்டு. ‘வளர்த்தல்’ என்பது இதன் இலத்தீன் மூலப்பொருள். ஆகவே தோழி ஒருத்தி வகுப்பில் தவறாக வாசித்தால் சிரிக்காதீர்கள். அவளருகில் அமர்ந்து அகராதியைத் திறந்து காட்டுங்கள். அவளும் வளர்வாள், நீங்களும் வளர்வீர்கள்.