மட்டை, ராக்கெட், ஹெல்மெட்: ஸ்டிக்கரை அன்இன்ஸ்டால் செய்வது எப்படி?

ஒரு புரோகிராமை கம்ப்யூட்டரிலிருந்து நீக்குகிறோம். கண்ட்ரோல் பேனல் வழியாக முறைப்படி நீக்கினாலும் ரிஜிஸ்ட்ரியில் சில வரிகளும், எங்கோ ஒரு காலி ஃபோல்டரும் மிச்சம் கிடக்கும். ஸ்டிக்கரும் அப்படித்தான். மேல் தாள் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அடியில் இருக்கும் பசை வராது. அதில் தூசி ஒட்டி, கறுத்து, ஒரே வாரத்தில் ஸ்டிக்கர் இருந்தபோது இருந்ததைவிட அசிங்கமாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் இதழில் கிரிக்கெட் மட்டைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். லேப்டாப் மூடியும் கிரிக்கெட் ஹெல்மெட்டும் பெரும்பாலும் ஒரே பிளாஸ்டிக் குடும்பம். ஒன்றுக்குக் கற்றுக்கொண்டால் மற்றதற்கும் உதவும். நான் திருநின்றவூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் அம்பத்தூர் போய் வரும் சாஃப்ட்வேர் ஆள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் போதும், எதையாவது தூக்கிக்கொண்டு தெருப் பையன்கள் வந்துவிடுவார்கள். கோடை விடுமுறையில் பென் டிரைவைவிட மட்டைகள்தான் அதிகம் வருகின்றன.

மட்டை ஸ்டிக்கரின் மவுசுக்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 1996 உலகக் கோப்பையில் சச்சின் டெண்டுல்கர் ஸ்டிக்கரே இல்லாத மட்டையுடன் ஆடி 523 ரன் குவித்தார். அந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் மட்டையில் எம்ஆர்எஃப் ஏறியது. திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர், நம் ஊர்க் காலி மனைகளில் ஆடும் ஒவ்வொரு காஷ்மீர் வில்லோ மட்டையிலும் ஒட்டிக்கொண்டது. மட்டை யார் செய்ததாக இருந்தால் என்ன? ஸ்டிக்கர் அதுதான்!

பசை ஏன் போக மறுக்கிறது?

தானே ஒட்டும் லேபிளை 1935ல் அமெரிக்காவில் ஸ்டாண்டன் ஏவரி விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பசை ஃபெவிகால் போலக் காய்ந்து இறுகுவதில்லை. என்றைக்கும் பாதி திரவமாகவே இருக்கும். அழுத்தினால் பரப்பின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் மெல்ல வழிந்து பிடித்துக்கொள்ளும். நாளாக ஆக இன்னும் ஆழமாக இறங்கும். நம் ஊர் மே மாத வெயிலில் மொட்டை மாடியில் கிடந்த மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். பசை வழிந்து, வெந்து, தேன் நிறத்தில் பட்டையாகப் படிந்திருக்கும்.

பசையில் பொதுவாக இரண்டு வகை. ரப்பர் வகை எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் இளகும். அக்ரிலிக் வகை எண்ணெய்க்கு அவ்வளவாக அசையாது, ஆல்கஹாலுக்கு இளகும். ஒருவர் தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார், இன்னொருவர் அது வேலைக்கே ஆகாது என்கிறார் அல்லவா? இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அவரவர் ஸ்டிக்கர் வேறு.

ஆனால் பசைக்கு எது மருந்து என்பது இரண்டாவது கேள்விதான். பசைக்கு அடியில் என்ன பொருள் இருக்கிறது? முதலில் கேட்க வேண்டியது இது.

ஹெல்மெட்: இங்கே அவசரப்படாதீர்கள்

போன கோடையில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய கிரிக்கெட் ஹெல்மெட்டுடன் வந்தான். முன்பக்கம் பழைய கோச்சிங் கேம்ப்பின் பெரிய ஸ்டிக்கர், பாதி கிழிந்து கிடந்தது.

"அண்ணா, அப்பா பெயின்ட் தின்னர் வாங்கி வெச்சிருக்காரு. ஊத்தித் துடைச்சா ரெண்டே நிமிஷம்னு சொன்னாரு."

"தின்னரை மூடி, மேல எடுத்து வைக்கச் சொல்லுடா" என்றேன். அவன் அப்பாவிடம் நேரில் போய் ஒரு சின்ன சோதனை செய்தும் காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள். மானிட்டரோ பிரிண்டரோ வாங்கியபோது பெட்டியில் வந்த தெர்மோகோல் துண்டு ஒன்றை எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரை இரண்டு சொட்டு விடுங்கள். கண் முன்னாலேயே குழி விழும். பைக், சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்குள் அடியைத் தாங்க வைத்திருப்பது இதே இனத்துத் தெர்மோகோல்தான். பெட்ரோலும் தின்னரும் அதை இதே போல்தான் தின்னும்.

வெளி ஓடு ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட்டாக இருந்தால் குழி விழுவது தெரியாது. அதுதான் ஆபத்து. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்குள் எப்போதும் ஓர் இழுவிசை தங்கியிருக்கும். கரைப்பான் உள்ளே புகுந்ததும் அந்த இழுவிசை மயிரிழை விரிசல்களாக வெளிப்படும். உடனே கூட அல்ல, நாள் கழித்து. பார்க்கப் பளபளவென்று இருக்கும் ஹெல்மெட், பந்து படும் நாளில் தாங்காது. 1998ல் டாக்காவில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற ராமன் லம்பா, தலையில் பந்து பட்டுச் சில நாளில் இறந்துபோனார். ஹெல்மெட் எதற்காக என்பதற்கு இதைவிடச் சொல்ல ஒன்றுமில்லை.

"அசிட்டோன் இல்லாதது" என்று எழுதிய ரிமூவரை நம்பி இறங்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்தில் அசிடேட். அதுவும் ஏபிஎஸ்ஸை இளக்கும். டபிள்யூடி-40 பல இடங்களில் நன்றாக வேலை செய்யும், ஆனால் பாலிகார்பனேட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் கூட ஏபிஎஸ்ஸில் நாள்பட ஊறினால் விரிசலை வரவழைக்கலாம். ஆகவே ஹெல்மெட்டுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்று: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு, ஒரு துணி. துணியை நனைத்து ஸ்டிக்கர் மேல் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தாள் ஊறி வந்துவிடும். மிச்சப் பசையைத் துடைத்துக் காயவிட்டு, பார்சல் டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பசைக்குப் பசையே எதிரி! அந்தப் பையனின் ஹெல்மெட்டுக்கு இப்படி முக்கால் மணி நேரம் பிடித்தது. ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியே இருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

பைக் ஹெல்மெட்டின் பின்னால் ஐஎஸ் 4151 எண்ணுடன் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையை மட்டும் எடுக்க வேண்டாம். அது அழகு ஸ்டிக்கர் அல்ல.

மட்டை

இங்கே கொஞ்சம் சுதந்திரம் உண்டு, ஆனால் மரம் எதையும் குடிக்கும். மண்ணெண்ணெயை ஊற்றினால் கறையும் வாடையும் மட்டையோடு தங்கிவிடும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை தாங்கும் சூடு வரும்வரை மட்டும் காட்டுங்கள். சூடு அதிகமானால் பசை உருகி, ஸ்டிக்கரை விட்டு மரத்திலேயே நின்றுவிடும். மரமும் உலர்ந்து வெடிக்கும். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்தாற்போல், ரேகை ஓடும் திசையில் மெதுவாக இழுங்கள். நேர் மேலே இழுத்தால் மர நாரும் சேர்ந்து வரும். மிச்சப் பசையைக் கட்டை விரலால் உருட்டி எடுக்கலாம். கேரம் போர்டுக்குப் போடும் பவுடரைச் சிட்டிகை தூவினால் இன்னும் எளிதாக உருளும். காலாவதியான ஏடிஎம் கார்டு நல்ல சுரண்டி, கத்தி வேண்டாம்.

கடைசியாக 220 நம்பர் உப்புத்தாளை ரேகை வழியே லேசாக ஓட்டி, பச்சை ஆளி விதை எண்ணெயை ஒரு துணியில் தொட்டு மெலிதாகத் தடவி, ஒரு நாள் படுக்கை வசத்தில் வையுங்கள். கைப்பிடி மட்டைக்குள் இறங்கும் இணைப்பில் எண்ணெய் படக்கூடாது. அங்கே இருப்பதும் பசைதான்.

முகப்பில் கண்ணாடி போல ஒரு தாள் ஒட்டியிருந்தால் அது ஸ்டிக்கர் அல்ல, மட்டைக்குப் பாதுகாப்பு. அதை எடுக்க வேண்டாம். ஓரத்தில் கரைப்பானும் படவிட வேண்டாம். மட்டையில் ஒட்டுவதெல்லாம் வெறும் படம் என்று எண்ணிவிடக் கூடாது. ரிக்கி பாண்டிங் பயன்படுத்திய மட்டையின் பின்புறம் இருந்த கிராஃபைட் பட்டை விதிக்கு முரண் என்று 2006ல் எம்சிசியே சொல்ல வேண்டி வந்தது.

ஷட்டில் ராக்கெட், டேபிள் டென்னிஸ்

கிராஃபைட் ராக்கெட்டின் கட்டமைப்பு எபாக்சி. அது எளிதில் அசையாது. ஆனால் மேலே உள்ள பெயின்ட் அசிட்டோனில் துணியோடு வந்துவிடும். இங்கே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் சரி. மதர்போர்டு துடைக்க நாம் வாங்குகிறோமே, அதே பாட்டில். ரிச்சி தெருவில் கிடைக்கும். துணியில் தொட்டுத் துடையுங்கள், ராக்கெட்டின் மேல் நேராக ஊற்ற வேண்டாம், நரம்பிலும் பட வேண்டாம். பழைய கிரிப்பை உரித்த பின் கைப்பிடியில் நிற்கும் பிசுபிசுப்புக்கும் இதுவே போதும். நீலகிரித் தைலமும் பசையை நன்றாக இளக்கும். வாசனை பிடிக்கும் என்றால் உலோகக் கம்பி, கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

டேபிள் டென்னிஸ் மட்டையில் ரப்பரை மாற்றும்போது பழைய பசையை விரலால் உருட்டியே எடுத்துவிடலாம். ஒரு காலத்தில் வீரர்கள் ஆட்டத்துக்கு முன் ஆவியாகும் கரைப்பான் கலந்த ஸ்பீடு குளூவைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆவி உடலுக்குக் கேடு என்பதால் சர்வதேசக் கூட்டமைப்பு 2008 பீஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு அதைத் தடை செய்தது. திறந்த அரங்கிலேயே அப்படி என்றால், ஜன்னலை மூடிக்கொண்டு படுக்கையறையில் தின்னரைத் திறப்பவர்களை என்னவென்று சொல்வது? ஆல்கஹாலோ மண்ணெண்ணெயோ எதுவானாலும் வாசலில் வைத்துச் செய்யுங்கள். அடுப்பும் பூஜை விளக்கும் அணைந்திருக்கட்டும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

லேப்டாப்பின் அடிமூடியிலோ மானிட்டரின் பின்புறத்திலோ இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிசி என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதுதான் பிளாஸ்டிக்கின் பெயர். பிசி என்றால் இங்கே பர்சனல் கம்ப்யூட்டர் அல்ல, பாலிகார்பனேட்! இவற்றில் முதலில் பார்சல் டேப் ஒற்றல். அதற்கும் மசியாவிட்டால் துணியில் தொட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சில நொடி மட்டும், கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்த பிறகு. ஸ்பீக்கரின் மேல்பக்கமோ ஷோகேஸ் கோப்பையின் பீடமோ கண்ணாடி போன்ற அக்ரிலிக் என்றால் ஆல்கஹாலும் கூடாது, மங்கிவிடும். சோப்புத் தண்ணீர்தான்.

புது ஸ்டிக்கர் ஒட்டப் போகிறீர்களா? எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பிடிக்காது. எண்ணெய் போட்ட மட்டை என்றால் இரண்டு நாள் பொறுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அதே பழைய ஏடிஎம் கார்டால் நீவி ஒட்டுங்கள். ஒரு மூலையை மட்டும் மில்லிமீட்டர் அளவு மடித்துவிட்டால் அடுத்த கோடையில் உரிக்க நகம் தேட வேண்டியிருக்காது.